விதைக்காமல் விளையும் நெல்

ஆண்டவர் இயேசு அருளிய உவமைகளுள் உழவர் நெஞ்சில் ஆழப் பதிவது வயலில் தோன்றிய களைகளின் உவமையாகும். தலைவன் நல்ல விதையை விதைத்தான். ஆட்கள் உறங்கும் வேளையில் பகைவன் வந்து களையை விதைத்துச் சென்றான். பயிர் வளர்ந்து கதிர்விட்ட பின்னரே களை இன்னதென்று புலப்பட்டது. மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இதனை வாசிக்கும் நகரத்தார் சிலர், பயிரையும் களையையும் பிரித்தறியாத உழவனும் உண்டோ என்று வியப்பர். பாலஸ்தீனக் கோதுமை வயல்களில் ஒருவகைப் புல் உண்டென்றும், கதிர் வரும்வரை அது கோதுமையை அப்படியே ஒத்திருக்கும் என்றும் விவிலிய விரிவுரையாளர் விளக்குவர். காட்டுமன்னார்கோயில் வட்டத்து உழவருக்கு இவ்விளக்கம் தேவையில்லை. நெல்லுக்கும் அத்தகைய உடன்பிறப்பு ஒன்று உண்டென்பதை அவர் தம் வயலிலேயே கண்டிருப்பார்.

அந்த உடன்பிறப்பின் பெயர் குளநெல். காட்டு நெல் என்றும் சொல்வர். வடமொழியில் நீவாரம் என்பர். யாரும் உழாமல், விதைக்காமல், நீர் பாய்ச்சாமல், குளத்தங்கரையிலும் ஓடையோரத்திலும் தானே முளைத்துத் தானே விளைந்து தானே உதிரும் நெல் இது. இதன் உடலமைப்பை நம் குடும்பத்தினர் சற்றே அறிந்துகொள்வது நலம் என எண்ணியே இக்கட்டுரையை வரைகின்றோம். வெறும் தாவர நூற் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டா. நாம் உண்ணும் சோற்றின் பழங்கதையும் வருங்காலமும் இப்புல்லின் உடலில் எழுதப்பட்டுள்ளன.

நெல்லின் குடும்பம்

நெல்லினத்துக்குத் தாவர நூலார் இட்ட பெயர் ‘ஓரைசா’ என்பது. இவ்வினத்தில் ஏறத்தாழ 24 வகைகள் உலகில் உள்ளன. அவற்றுள் மனிதர் பயிரிடுபவை இரண்டே: ஒன்று நம் ஆசிய நெல், மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்க நெல். ஏனையவை யாவும் காட்டு நெல்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரநிழலில் வளர்வதும் உண்டு. கங்கை முகத்துவாரத்து உப்பங்கழியில் வளர்வதும் உண்டு. அமெரிக்காவிலிருந்து ‘காட்டரிசி’ என்ற பெயரில் கடைகளுக்கு வரும் நீண்ட கரிய அரிசி இக்குடும்பத்தின் நேர் உறுப்பினர் அன்று. அது ‘சிசேனியா’ என்னும் வேறொரு புல்லினத்தின் மணி.

நம் நெல்லுக்கு மிக நெருங்கிய உறவினர் இருவர். ஒருவர் ‘ஓரைசா ரூபிபோகன்’. பல்லாண்டு வாழும் நீர்ப்புல். மற்றவர் ‘ஓரைசா நிவாரா’. ஓராண்டில் முளைத்துக் காய்த்து மடியும் புல். பின்னதற்கு இந்திய அறிஞர்களான சர்மாவும் சாஸ்திரியும் 1965-இல் தனிப் பெயர் சூட்டினர். நீவாரம் என்ற பழஞ்சொல்லே அப்பெயராயிற்று. ஆண்டு முழுதும் ஈரம் நிற்கும் ஆழமான இடத்தை முதலாமவர் விரும்புவார். மழைக்கு நிரம்பிக் கோடையில் வற்றும் ஆழமற்ற குட்டையை இரண்டாமவர் விரும்புவார். இவ்வுறவினரின் முன்னோரிலிருந்தே மனிதன் நெல்லைப் பழக்கி எடுத்தான். சீனத்தின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அப்பணி ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அகழாய்வாளர் கூறுவர்.

காட்டுமன்னார்கோயிலை எண்ணிப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவாகி, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரைத் தாங்கிய ஏரியே இன்று வீராணம் என வழங்குகிறது. கொள்ளிடத்தின் கீழணையில் பிரியும் வடவாறு அதற்கு நீர் கொணர்கிறது. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் அவ்வேரியால் விளைகிறது. 2004 முதல் சென்னை மாநகரும் அதன் நீரைப் பருகுகிறது. ஏரி, மதகு, வாய்க்கால், வடிகால், குட்டை என்று நீர் நின்றும் நடந்தும் செல்லும் இத்தகைய நிலமே குளநெல்லுக்கு ஏற்ற வீடு.

வேரும் தண்டும்

நெல்லுக்கு ஆணிவேர் இல்லை. கொத்துக் கொத்தான நார்வேர்களே உண்டு. குளநெல்லுக்கும் அஃதே. சேற்றில் காற்றில்லை, ஆயினும் வேர் மூச்சு விட வேண்டும். இதற்கெனத் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் அமைந்துள்ளன. இலை உட்கொண்ட காற்று இவ்வறைகள் வழியே வேர் நுனிவரை இறங்குகிறது. நீருக்குள் நிற்போர்க்கு மேலிருந்து குழாய் வழியே காற்று அனுப்புவது போன்ற ஏற்பாடு இது.

தண்டு கணுக்களால் ஆனது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ள பகுதி உள்ளீடற்ற குழல். நீர் மட்டம் உயர்ந்தால் பல்லாண்டுக் குளநெல் தன் கணுவிடைகளை நீட்டிக்கொண்டே போகும். நீரைவிட ஒரு சாண் உயரத்தில் தலையை வைத்துக்கொள்ளும். ஆழமான நீரில் தண்டு பல அடி நீண்டு மிதப்பதும் உண்டு. மிதக்கும் தண்டின் கணுக்களிலிருந்து புது வேர்கள் விடும். வெள்ளம் வடிந்ததும் அக்கணு சேற்றைத் தொட்டு ஊன்றிக்கொண்டால் அங்கே ஒரு புதுச் செடி தோன்றும்.

நம் வயல் நெல் நிமிர்ந்து நிற்கும். தூர்கள் நெருங்கி ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். குளநெல்லின் தூர்களோ தரையோடு படர்ந்து நாற்புறமும் விரியும். இவ்வேற்றுமைக்கு ஒரு மரபணு பெருங்காரணம் என்று 2008-இல் அறிவியலார் கண்டனர். படரும் புல்லை நிமிர்ந்த பயிராக்கியதால் அன்றோ வரிசையாய் நடவும், நெருங்க நடவும், அரிவாள் கொண்டு அறுக்கவும் நம்மால் இயன்றது!

செவியும் நாக்கும்

இலையைக் கவனியுங்கள். அதன் கீழ்ப்பகுதி தண்டை உறைபோல் சுற்றியிருக்கும். மேற்பகுதி பட்டையாய் விரியும். உறையும் பட்டையும் கூடும் இடத்தில் வெண்ணிறத்தில் மெல்லிய சவ்வொன்று மேல்நோக்கி நிற்கும். அதுவே இலையின் நாக்கு. அதன் இருபுறமும் தண்டை அணைத்தாற்போல் மயிருடைய இரு சிறு கொக்கிகள் இருக்கும். அவை இலையின் செவிகள். நாக்கும் செவியும் உடையது நெல். வயலில் பெருந்தொல்லை தரும் குதிரைவாலிக் களைக்கு இவ்விரண்டும் இல்லை. இளம்பருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் இலையை மெல்ல விலக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். களையெடுக்கும் தாய்மார் ஒரு நொடியில் இதனை அறிந்து கை வைப்பதை நாம் காண்கிறோம்.

ஆனால் குளநெல் இச்சோதனையில் அகப்படாது. அதற்கும் நாக்குண்டு, செவியுண்டு. அடியிலைகளின் நாக்கு நீண்டு, நுனி கூர்ந்திருக்கும். இலைப்பருவத்தில் தேர்ந்த கண்ணும் தடுமாறும். உவமையில் வரும் தலைவன் அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்னதன் நடைமுறை ஞானம் இங்கே விளங்குகிறது.

கதிரும் கூரும்

கதிர் வந்ததும் வேடம் கலைகிறது. வயல் நெல்லின் கதிர் நெருங்கிய மணிகளால் கனத்துத் தலை தாழும். குளநெல்லின் கதிர் விரிந்தது, மணிகள் குறைவு, ஒவ்வொன்றும் ஒடுங்கியது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட கூர் ஒன்றிருக்கும். இதனை மீசை என்றும் வால் என்றும் நம் மக்கள் வழங்குவர். 4 முதல் 10 சென்டிமீட்டர் வரை இது நீளும். விரலால் மணியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து மணி நோக்கித் தடவினால் சுரசுரவென்று தடுக்கும். காரணம், அதன்மேல் உள்ள நுண்ணிய முட்கள் யாவும் நுனியை நோக்கியே சாய்ந்துள்ளன. மண்ணிலும் சருகிலும் விழுந்த மணி அசையும்போதெல்லாம் முன்னோக்கியே புதையும், பின்வாங்காது. பறவைக்கும் அக்கூர் தொண்டையில் குத்தும் முள்.

மலரைப் பார்ப்போம். கோதுமை மலரில் மகரந்தத் தாள்கள் மூன்று. நெல் மலரிலோ ஆறு. குளநெல்லுக்கும் ஆறே. பல்லாண்டுக் குளநெல்லில் மகரந்தப் பைகள் நம் நெல்லினுடையவற்றைவிட நீண்டவை. சூல்முடியும் உமிக்கு வெளியே நன்கு நீண்டு காற்றை எதிர்கொள்ளும். ஆகவே தன் மகரந்தத்தைக் காற்றில் பரப்பவும் பிறர் மகரந்தத்தை ஏற்கவும் அது ஆயத்தமாயிருக்கிறது. நம் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும். உமியை நீக்கினால் உள்ளே செவ்வரிசி இருக்கும். அரிசியின் செம்மை காட்டு நெல்லின் பொதுவான நிறம். ஒரு மரபணுவின் சிறுபகுதி அறுந்துபோனதால்தான் வெள்ளரிசி பிறந்தது என்று 2006-இல் கண்டறியப்பட்டது.

உதிர்தலின் மறைபொருள்

குளநெல்லின் தலையாய இயல்பு உதிர்தல். மணி காம்போடு சேரும் இடத்தில் மென்மையான சிற்றறைகளாலான மெல்லிய படலம் ஒன்றுண்டு. மணி முற்றும்போது அப்படலத்தின் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பின்னர் ஒரு காற்று வீசினால் போதும். ஒரு குருவி அமர்ந்தால் போதும். மணி கீழே விழும். ஒரே கதிரின் மணிகளும் ஒரே நாளில் முற்றுவதில்லை. மேலிருப்பவை உதிர்ந்துகொண்டிருக்கும்போதே கீழிருப்பவை பால் பிடித்துக்கொண்டிருக்கும். விழுந்த மணியும் உடனே முளைக்காது. சில திங்களோ சில ஆண்டுகளோ சேற்றில் உறங்கும். ஒரு மழை பொய்த்தாலும் மறு மழைக்கென விதை மிச்சமிருக்கும்.

நம் வயல் நெல்லில் இப்படலம் முழுமையாய் அமைவதில்லை. ஆகவே கதிரிலேயே மணி நிற்கிறது. களத்தில் கட்டுக்கட்டாய் அடித்தால்தான் பிரிகிறது. இம்மாற்றத்தை ஆளும் மரபணுக்களுள் ஒன்றில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதை 2006-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். பண்டைக்காலத்தில் கதிரோடு நின்ற மணியே மனிதர் கூடைக்கு வந்தது. உதிர்ந்தது சேற்றுக்குப் போனது. கூடைக்கு வந்ததே மறுமுறை விதையாயிற்று. இவ்வாறு தலைமுறை தலைமுறையாய், பெயர் தெரியாத தாய்மாரும் தந்தையரும், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, உதிராத நெல்லை உலகுக்கு ஈந்தனர்.

ஆனால் இதிலொரு பரிமாற்றம் உண்டு. உதிராத நெல் மனிதன் கையின்றி வாழாது. அறுத்து, அடித்து, மீண்டும் விதைப்பார் இல்லையேல் சில பருவங்களில் அதன் வழி அற்றுப்போகும். மண்ணில் விழாத கோதுமை மணி தனித்தே இருக்கும் என்ற ஆண்டவரின் சொல்லை யோவான் நற்செய்தியில் நாம் வாசிக்கிறோம். குளநெல் யார் கையையும் எதிர்பாராமல் விழுகிறது, வாழ்கிறது. நம் நெல்லோ நம்மை நம்பி நிற்கிறது. நாமும் அதை நம்பி நிற்கிறோம்.

வயலில் அது களையே

இவ்வளவு புகழ்ந்துவிட்டோமே என்று உழவர் பெருமக்கள் நம்மைக் கடிந்துகொள்ள வேண்டா. வயலில் குளநெல்லுக்கும் அதன் கலப்புச் சந்ததியான களைநெல்லுக்கும் இடமில்லை. காட்டு நெல்லும் வயல் நெல்லும் அருகருகே பூத்தால் கலப்பு நேரும். அக்கலப்பின் பிள்ளைகள் தாய்ப்பயிரின் உயரமும் இலையும் கொண்டு, காட்டு உறவினரின் உதிரும் இயல்பையும் கொண்டிருக்கும். உரத்தை உண்ணும், அறுவடைக்கு முன்னரே உதிர்ந்துவிடும், எஞ்சியது செவ்வரிசியாய்க் கலந்து விலையைக் கெடுக்கும். இரண்டும் ஒரே குலமாதலால், நெல்லுக்குத் தீங்கின்றிக் களைநெல்லை மட்டும் அழிக்கும் மருந்து காண்பதும் அரிது.

நாற்றங்கால் விட்டு நடவு செய்த காலத்தில் இத்தொல்லை அடங்கியிருந்தது. நாற்று வரிசைக்கு வெளியே முளைத்தது களையென்று தெரிந்தது; தேங்கிய நீரும் அதை முளைக்கவிடவில்லை. ஆள்பற்றாலும் நீர் தாமதத்தாலும் நேரடி விதைப்பு பரவும் இடங்களில் பயிரும் களையும் ஒருங்கே முளைக்கின்றன. செய்யக்கூடியவை சில உண்டு. கலப்பற்ற சான்று விதையை வாங்குதல். விதைக்குமுன் வயலை நனைத்து, முளைத்துவரும் களைநெல்லை உழுது மடித்தல். பூக்கும் பருவத்தில் கூர் நீண்டு உயர்ந்து நிற்கும் செடிகளை, மணி முற்றுமுன் தூரோடு அகற்றுதல். நெல்லுக்குப் பின் உளுந்தோ பயறோ மாற்றிப் பயிரிடுதல். அறுவடை இயந்திரத்தை ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குக் கொண்டுசெல்லுமுன் துப்புரவு செய்தல். இவற்றைப் பக்கத்து வயல்காரரோடு கலந்து செய்தாலன்றிப் பயனில்லை. என் வயலின் களை உம் வயலின் விதையாகும்.

ஒரு புல் காத்த பயிர்

இனி மறுபக்கத்தைக் கூறுவோம். புகையான் பூச்சியை நம் உழவர் அறிவர். அது பரப்பும் நச்சுயிரி நோய்களுள் ஒன்று, பயிரைப் புல்போல் குட்டையாக்கிக் கதிரே வராமல் செய்துவிடும். தென்கிழக்கு ஆசியாவில் இந்நோய் பரவியபோது, பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோசில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் சேமிப்பிலிருந்த 6,000-க்கும் மேற்பட்ட நெல் விதைகளைச் சோதித்தனர். நோயை எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று. அது எது தெரியுமா? நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஓரைசா நிவாரா. நாம் மேலே கண்ட அதே நீவாரம்! 1970-இல் இவ்வுண்மை வெளியாயிற்று. அறிஞர் குர்தேவ் குஷ் முதலானோர் அப்புல்லின் எதிர்ப்புத் திறனை வயல் நெல்லில் ஏற்றினர். 1974-இல் ஐ.ஆர். 28, 29, 30 ஆகிய இரகங்களும் 1976-இல் ஐ.ஆர். 36 இரகமும் வந்தன. 1980-களில் ஐ.ஆர். 36 உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் எக்டேரில் பயிராயிற்று. எத்தனை இலட்சம் குடும்பங்களின் அடுப்பு ஒரு குட்டையோரப் புல்லால் எரிந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இஃதொன்றே சான்று அன்று. 1970-இல் சீனத்தின் ஹைனான் தீவில் கண்டெடுத்த மகரந்தமற்ற காட்டு நெற்செடி ஒன்றே, யுவான் லாங்பிங் குழுவினரின் வீரிய ஒட்டு நெல்லுக்கு அடிப்படையாயிற்று. நம் கோயம்புத்தூரிலும் ஜி.ஈ.பி. 24 என்ற புகழ்பெற்ற நெல்லோடு பல்லாண்டுக் காட்டு நெல்லைக் கலந்து, வறட்சி தாங்கும் கோ 31 என்ற இரகத்தை உருவாக்கினர். கங்கை முகத்துவாரத்தின் உப்பங்கழி நெல்லோ, இலைமேல் உள்ள நுண்மயிர்களின் வழியே உப்பை வெளியேற்றி உவர்நீரில் வாழ்கிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்துக் கரையோர வயல்களில் உப்பைப் பரப்பிச் சென்றதை நாம் மறக்கவில்லை. கடல்நீர் ஏறும் காலம் இது. அப்புல்லின் மயிருக்குள் இருக்கும் வித்தை நாளை நமக்கு வேண்டியிருக்கும்.

ஓரத்தை விட்டுவைப்போம்

விதைகளைக் குளிர்ப்பெட்டகத்தில் சேமித்து வைத்தால் போதாதோ என்று சிலர் வினவலாம். பெட்டகம் வேண்டியதே. தில்லியிலும் லாஸ் பானோசிலும் அப்பணி நடைபெறுகிறது. ஆனால் பெட்டகத்து விதை, வைத்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே உறங்கும். குளத்துப் புல்லோ ஆண்டுதோறும் புதிய பூச்சியையும் புதிய வெயிலையும் எதிர்கொண்டு புதியன கற்கிறது. குளம் தூர்ந்து மனையானால், ஓடைக்கரை கற்காரையானால், அப்பள்ளிக்கூடம் மூடப்படுகிறது. தீ வைத்தோ மருந்து தெளித்தோ கரை முழுவதையும் வெறுமையாக்கும்போது, எதை அழித்தோம் என்று நாம் அறிவதுமில்லை.

பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலில் இறைவன் தம் மக்களுக்கு ஒரு கட்டளை அளித்தார். வயலை அறுக்கும்போது அதன் ஓரங்களை முற்றிலும் அறுக்கலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. அந்த ஓரத்தில் கதிர் பொறுக்க வந்த ரூத்து என்ற அந்நியப் பெண்ணின் வழியிலன்றோ தாவீதும், நம் மீட்பரும் பிறந்தனர்! நமக்குப் பயனற்றதென்று தோன்றிய ஓரத்தில் மீட்பின் வித்து இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், உயிரினங்களை நமக்குப் பயன்படும் பொருள்களாக மட்டும் கருதலாகாது என்றும், அவற்றுக்கெனத் தனி மதிப்புண்டு என்றும் நினைவூட்டினார்.

ஆகவே நாம் சொல்ல விழைவது இதுவே. வயலில் முளைத்த குளநெல்லைத் தயக்கமின்றிக் களையுங்கள். அது உழவரின் கடமை. ஊர்க் குளத்தின் ஓரத்தில், யாருக்கும் இடையூறின்றி நிற்பதை விட்டுவையுங்கள், அதுவும் கடமையே. ஏரி தூர்வாரும் பணி ஊரில் நடக்கும்போது, கரையில் ஒரு பகுதியையேனும் புல்லோடு விட வேண்டும் என்று ஊராட்சியிடம் எடுத்துரையுங்கள். மறைக்கல்வி மாணவரையும் நம் பிள்ளைகளையும் கார்த்திகை, மார்கழியில் கதிர்விடும் காலத்தில் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, நாக்கையும் செவியையும் கூரையும் காட்டுங்கள். விரல் நுனியால் ஒரு கதிரைத் தொடச் சொல்லுங்கள். முற்றிய மணி உள்ளங்கையில் உதிரும். எவரும் விதைக்காத அந்த மணியை மீண்டும் சேற்றிலேயே இடச் சொல்லுங்கள். அடுத்த தைத்திங்களில் புதுநெல்லைப் பீடத்தில் காணிக்கையாக்கும்போது, அதன் ஏழை உடன்பிறப்புக்காகவும் படைத்தவருக்கு நன்றி கூறுவோமாக.